பேக்லைற்றுக்குள் இருந்த மரம்

லுகானோவில் என் சிறிய கடைசல் பட்டறைக்கு வரும் கோப்பி இயந்திரங்களில் பாதிக்கு மேல் லா பவோனி யூரோபிக்கொலா. மிலானில் 1961இல் வெளிவந்த வீட்டு இயந்திரம் அது. பித்தளைக் கொதிகலன் ஐம்பது ஆண்டு கழிந்தும் உறுதியாக இருக்கும். போயிருப்பது கைப்பிடிதான். நீளவாக்கில் ஒரு வெடிப்பு, இல்லையென்றால் மரை ஏறும் இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அந்தக் கறுப்புப் பிடியைப் பெருவிரலால் சூடேறும்வரை தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் ஆஸ்பத்திரி நெடி அடிக்கும். பேக்லைற் என்ற பழைய பிளாஸ்டிக்கை அடையாளம் காண அந்த நெடி போதும்.

அதற்குப் பதிலாக நான் மரப்பிடி கடைந்து கொடுக்கிறேன். சிலர் இதைக் குற்றமாகப் பார்க்கிறார்கள். பழைய பொருளுக்கு அதன் பழைய கறுப்புத்தான் பொருத்தம், மரம் போடுவது வேடம் கட்டுவது என்பது அவர்கள் வாதம். நான் அதை ஏற்கவில்லை. காரணம் இந்த இயந்திரங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது.

மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்செரா 1901இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் உரிமையை, தெசிதேரியோ பவோனி விலைக்கு வாங்கி 1905 முதல் அதைச் செய்து விற்றார். கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கும் கொதிகலன். கோப்பித்தூள் போடும் கிண்ணத்துக்குக் கடைந்த மரப்பிடி. சுடும் பித்தளையைக் கையால் பிடிக்க அன்றைக்கு மரமே கைகொடுத்தது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வேதியியலாளர் லியோ பேக்லண்ட் 1907இல் பேக்லைற்றைக் கண்டுபிடித்த பிறகுதான் நிலைமை மாறியது. அச்சுக்குள் தூளைக் கொட்டிச் சூடும் அழுத்தமும் கொடுத்தால் சில நிமிடங்களில் பிடி தயார். கடைசல்காரனுக்கு வேலை இல்லை. ஆனால் அந்தத் தூளில் கணிசமான பங்கு என்ன தெரியுமா? மாவாக அரைத்த மரம். வெறும் பிசின் நொறுங்கிவிடும் என்பதால் வலுவுக்காக மரத்தூளைக் கலந்தார்கள். ஆகவே மரம் இந்த இயந்திரத்தை விட்டுப் போகவே இல்லை, கறுப்புக்குள் ஒளிந்திருந்தது. ஒருமுறை இறுகிய பேக்லைற்றை மறுபடி உருக்கி வார்க்க முடியாது. உடைந்தது உடைந்ததுதான்.

பிடிக்கு உண்மையான மதிப்பு வந்தது அக்கீலே காஜாவால். மிலானில் கோப்பிக்கடை வைத்திருந்தவர். பழைய இயந்திரத்தில் நீராவிதான் தண்ணீரைத் தள்ளும். ஒன்றரை, இரண்டு பார் அழுத்தத்துக்கு மேல் போகாது, கோப்பியும் கருகிச் சுவைக்கும். காஜா 1938இல் ஒரு காப்புரிமை எடுத்தார். போருக்குப் பிறகு, 1948 வாக்கில், சுருள்வில்லும் நெம்புகோலும் கொண்ட இயந்திரத்தைக் கடைகளுக்குக் கொண்டுவந்தார். நெம்புகோலை இழுத்தால் வில் சுருங்கும். விட்டால் அது விரிந்து ஏறத்தாழ ஒன்பது பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தூளுக்குள் செலுத்தும். குவளையின் மேல் பொன்னிற நுரை படிந்தது. எஸ்பிரெசோ என்று இன்று உலகம் குடிப்பது அதைத்தான். இயந்திரத்தின் முகப்பில் ‘நீராவி இல்லாமல் இயங்குவது’ என்று இத்தாலிய மொழியில் எழுதியே விற்றார்கள்.

அதுவரை ஒரு குழாயைத் திருகிய கை, அன்று முதல் உடம்பின் பாரத்தையே பிடியில் இறக்கத் தொடங்கியது. பாதி வழியில் கை வழுக்கினால் கோல் மேலே பாய்ந்து தாடையைப் பெயர்த்துவிடும். பிடி ஏன் உறுதியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

1961இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஃபாயெமா நிறுவனம் மின்பம்பு வைத்த ஈ61ஐ வெளியிட்டது. கடைகள் மெல்ல மெல்ல நெம்புகோலைக் கைவிட்டன. நேப்பிள்ஸில் பல கடைகள் இன்றும் விடவில்லை. அதே ஆண்டில் யூரோபிக்கொலா நெம்புகோலை வீட்டு அடுப்படிக்குள் கொண்டுபோனது. அதில் வில்லும் கிடையாது. அழுத்துவது நம் கைதான்.

எனக்கு மரம் காட்டித் தந்தவர் பெரியப்பா. எங்கள் ஊரான சாவகச்சேரியில் தச்சுப்பட்டறை வைத்திருந்தார். “தம்பி, வைரம் பாத்து எடு. வெளிறு உன்னை நட்டாத்திலை விட்டிடும்” என்பார். அம்மா கோப்பி இடித்த உலக்கையில் கை பிடிக்கும் இடம் மெலிந்து வழவழத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மெலிவை நான் செய்யும் ஒவ்வொரு பிடியிலும் வைக்கிறேன்.

இங்கே நான் செய்த முதல் பிடி தோட்டத்தில் வெட்டிய செரி மரத்தில். காயும் முன்பே கடைந்துவிட்டேன். மூன்று மாதத்தில் வெடித்துத் திரும்பி வந்தது. ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு ஆறப்போட வேண்டும் என்ற பெரியப்பாவின் கணக்கை அன்றைக்குப் பிறகு மீறியதில்லை. இப்போது வால்நட், ஒலிவ மரங்களின் வைரம் மட்டும். கருங்காலி கேட்பவர்கள் உண்டு. ஊரில் அது வெட்டவும் விற்கவும் கட்டுப்பாடுள்ள மரம், நான் தொடுவதில்லை.

துளையை முதலில் போட்டு, அந்தத் துளையையே நடுவாக வைத்துக் கடைய வேண்டும். கடைந்து முடித்துத் துளை போட்டால் அரை மில்லிமீற்றர் விலகினாலும் பிடி கோணும். உள்ளே மரை வெட்டிய பித்தளைச் செருகியை எப்பொக்சிப் பசையால் இறுக்குகிறேன், மரத்தில் நேரடியாக மரை வெட்டினால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் தேய்ந்துபோகும். பிறகு ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பற்றும்.

பிடிகளின் மரையும் நீளமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. உங்கள் வீட்டு இயந்திரத்தின் பிடி உடைந்தால் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அத்தனையையும் ஒரு உறையில் போட்டுக் கடைசல்காரரிடம் கொடுங்கள். அளவு அவற்றில்தான் இருக்கிறது.