நுண்துளை அறுவைச் சிகிச்சையில் புகையகற்றல்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மின்கத்தியோ லேசரோ திசுவைச் சுடும்போது எழும் புகையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீராவி. எஞ்சிய 5 விழுக்காட்டில் பென்சீன், ஹைட்ரஜன் சயனைடு, ஃபார்மால்டிஹைடு, கார்பன் மோனாக்சைடு, கரித்துகள், சில வேளைகளில் வைரஸ் துணுக்குகளும் உண்டு. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் இப்புகை அறைக் காற்றில் கலந்துவிடும். லேப்ராஸ்கோப்பி எனும் வயிற்று நுண்துளை அறுவையில் மூடிய வயிற்றுக்குள் தேங்கிவிடும். புகை யாருக்குத் தீங்கு என்ற புரிதல் மாறமாறவே அதை அகற்றும் முறையும் மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாயுவும் தீயும்

1901இல் ஜெர்மானிய மருத்துவர் கெயோர்க் கெல்லிங் நாயின் வயிற்றில் காற்றைச் செலுத்தி உள்ளுறுப்புகளைப் பார்த்தார். 1910இல் ஸ்வீடனின் யாக்கோபேயஸ் மனிதரிடம் அதைச் செய்தார். பார்ப்பதோடு நின்றதால் புகைக்கு இடமில்லை. 1926இல் பாஸ்டனில் வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவியை ஹார்வி குஷிங் பயன்படுத்திய பின் மின்கத்தி பரவியது. 1933இல் ஃபெர்வர்ஸ் என்ற மருத்துவர், ஆக்சிஜன் நிரப்பிய வயிற்றில் ஒட்டுத்திசுக்களைச் சுட்டுப் பிரித்தபோது வெடிப்பு நேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் ஸோலிகோஃபர் 1924இலேயே பரிந்துரைத்த கார்பன் டை ஆக்சைடு எரியாதது; இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சுவழி வெளியேறுவது. பின்னாளில் அதுவே நிலைத்தது.

பார்வைக்குத் தடை

1985இல் ஜெர்மனியில் எரிஷ் மூஹே லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார். அடுத்த சில ஆண்டுகளில் இம்முறை உலகெங்கும் பரவ, புகை அன்றாடச் சிக்கலாயிற்று. கல்லீரலிலிருந்து பித்தப்பையைச் சுட்டுப் பிரிக்கையில் திரை வெளுத்துவிடும். உடனே, வயிற்றுத் துளையில் செருகிய குழாயான ட்ரோக்காரின் திருகைத் திறப்பார்கள். 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் உள்ள வாயு புகையோடு சீறி வெளியேறும். உறிஞ்சுகுழாயை அதிகம் பயன்படுத்தினால் அழுத்தம் குறைந்து வயிற்றுச் சுவர் தாழும். வாயு மீண்டும் நிரம்பும்வரை கை நிற்கும். திரை தெளிந்தால் போதும் என்பதே அன்றைய அளவுகோல். வெளியேறிய புகை அறையில் நிற்பவர்களின் முகத்தருகே சென்றது கணக்கில் வரவில்லை.

உடல்நலக் கேள்வி

ஆக்சிஜன் குறைந்த வயிற்றுக்குள் திசு கருகும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் கலக்கக்கூடும் என்பதை 1990களில் அமெரிக்காவின் டக்ளஸ் ஓட் கவனப்படுத்தினார். வழக்கமான பல்ஸ் ஆக்சிமீட்டர் அதைப் பிரித்துக் காட்டாது. 1991இல் நார்வேயில், நோயாளிகளின் பாலுறுப்பு மருக்களை லேசரால் அகற்றிவந்த மருத்துவரின் குரல்வளையில் பாப்பிலோமா வளர்ந்ததாகப் பதிவானது. 1996இல் அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ், உறிஞ்சுமுனை புகை எழும் இடத்திலிருந்து 2 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும் என்றது. 2016இல் வெளியான தென்கொரிய ஆய்வு, லேப்ராஸ்கோப்பிக்கு உள்ளான 11 நோயாளிகளில் 10 பேரின் புகையில் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டது.

இத்தகைய சான்றுகள் சேரச்சேர நோக்கம் வெளியேற்றுவதிலிருந்து வடிகட்டுவதற்கு நகர்ந்தது. 0.12 மைக்ரான் துகள்களில் 99.999 விழுக்காட்டைப் பிடிக்கும் அல்பா வடிகட்டிகள், அழுத்தம் குறையாமல் வாயுவைச் சுழற்றித் தூய்மையாக்கும் கருவிகள், மின்னூட்டத்தால் துகள்களைப் படியவைக்கும் முறை ஆகியவை வந்தன. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் புகையகற்றலைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. 2020இல் கோவிட் அச்சத்தால் வாயுவை வடிகட்டியே வெளியேற்றுமாறு அறுவை மருத்துவர் சங்கங்கள் வலியுறுத்தின.

முடிவுரை

பெருந்தொற்றுக் காலத்தில் பரிந்துரைக்கப்பட்ட வடிகட்டிகள் புதியவை அல்ல, முன்பே இருந்தவை. கருவி இல்லாததைவிட, ஊழியர் சுவாசிப்பதும் சிகிச்சைப் பாதுகாப்பின் பகுதியே என்ற ஏற்பு இல்லாததே தாமதத்துக்குப் பெருங்காரணம். மின்கத்திப் புகைத் துகளின் சராசரி அளவு 0.07 மைக்ரான், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. ஆகவே லேப்ராஸ்கோப்பிக் கருவித் தொகுதியை வாங்கும் மருத்துவமனைகள் புகை வடிகட்டியையும் அதன் இன்றியமையாத உறுப்பாகவே கொள்ளவேண்டும்.