அந்நியர் நிழலில் எழுந்த ஒரு தேசியப் படை

1931ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலில் ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்திலர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய தொகுதிகளும் அவ்வாறே வெறுமையாய்க் கிடந்தன. டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் வழங்கவில்லை என்பது பகிஷ்கரிப்பை முன்னின்று நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முறைப்பாடு. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் மலாயாவிலே சுயராச்சியத்தின் பெயரால் ஒரு படை திரண்டபோது, யாழ்ப்பாண வழிவந்தோரின் பிள்ளைகளும் அதிற் சேர்ந்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கு வைத்து நோக்கற்பாலன.

குடாநாட்டிலும் தீவகத்திலுமிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயா சென்றோருட் பலர் ஆங்கிலங் கற்ற எழுதுவினைஞரும் புகையிரதப் பகுதி ஊழியருமாவர். பிரித்தானியர் கொடுத்த சம்பளமே மணியோடராகி, ஊரிலே கல்வீடாகவும் சீதனமாகவும் உருப்பெற்றது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, பணமும் கடிதமும் ஒருங்கே நின்றன.

போர்க்கைதிகளைக் கொண்டு மோகன்சிங் அமைத்த முதலாவது இந்திய தேசிய இராணுவம், யப்பானியரோடு பிணங்கி அவ்வாண்டின் இறுதியிலேயே கலைந்தது. தம்மைக் கருவியாக்குகின்றனர் என்ற ஐயம் அதன் தலைவர்க்கே இருந்தது என்பது, அப்படையைக் கைக்கூலிப்படை என எளிதில் ஒதுக்குவோர் மறக்கும் செய்தியாகும். 1943 யூலையில் சுபாஸ் சந்திரபோஸ் தலைமையேற்றபின் குடிமக்களும் சேர்க்கப்பட்டனர்; அவருட் பெருந்தொகையினர் தோட்டத் தமிழர். சயாம்-பர்மா புகையிரதப் பாதையில் அவர்தம் இனத்தவர் ஆயிரக்கணக்கில் மாண்ட காலம் அது. சிலர்க்குப் படையே புகலிடமாயிற்று. துரைமார்முன் குனிந்த முதுகு அணிவகுப்பில் நிமிர்ந்ததும் உண்மையே.

எழுதுவினைஞர் குடும்பங்களின் நிலை வேறு. அவர்கள் இழப்பதற்கு அரச உத்தியோகமும் ஓய்வூதியமும் இருந்தன. அத்தகைய சூழலிலேதான் ஈப்போவில் வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பெண்ணான ராசம்மா நவரத்தினம், தம் பதினாறாம் வயதில், லட்சுமி சுவாமிநாதன் தலைமைதாங்கிய ஜான்சிராணிப் படைப்பிரிவிற் சேர்ந்தார். இதே போரில் பலாலியிலே பிரித்தானிய விமானப்படை தளம் அமைத்திருந்தது. தாயகம் ஓரணியிலும் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் மற்றோரணியிலும் நின்றனர்.

இந்நிலை ஆசியாவுக்கே உரியதன்று. கிரேக்க மசிடோனியாவில் மெத்தக்சாசு ஆட்சி சிலாவிய மொழியைத் தடைசெய்திருந்தது. 1943இல் கஸ்தோரியாப் பகுதியில் பல்கேரிய அதிகாரி கால்செவ் ஊக்குவிக்க, ஆக்கிரமித்திருந்த இத்தாலியர் அம்மொழிபேசும் கிராமத்தவர்க்கு ஆயுதம் வழங்கினர். 'ஒக்ரானா' எனப்பட்ட அப்படையினருட் பலர் அடுத்த ஆண்டிலேயே எதிர்ப்புப் போராளிகளின் பக்கம் மாறினர். ஆயுதம் கொடுத்தவனின் நோக்கமும் ஏந்தியவனின் நோக்கமும் ஒன்றல்ல என்பதை அம்மாற்றம் உணர்த்தும். கால்செவ் 1948இல் தெசலோனிக்கியிற் கொல்லப்பட்டார்.

இந்தியாவிலோ 1945 நவம்பரில் தொடங்கிய செங்கோட்டை விசாரணை, தோற்ற படையினரைத் தேசிய வீரராக்கியது. இலங்கையில் அத்தகைய விசாரணையும் இல்லை, வரவேற்பும் இல்லை. ராசம்மா மலாயாவிலேயே ஆசிரியையாகி, பெண்ணாசிரியரின் சம ஊதியத்துக்காகப் போராடினார். 1945 செப்தெம்பரில் மலாயா பிரித்தானியர் கைக்கு மீண்டது. எழுதுவினைஞர் பழைய அலுவலகங்களுக்குத் திரும்பினர். யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் மணியோடர் வரத் தொடங்கிற்று.