அச்சகம் மறுத்த முகங்கள்

1963-ல் மார்வெல் நிறுவனம் ‘சார்ஜன்ட் ஃப்யூரி’ என்றொரு போர்க்கதை இதழைத் தொடங்கியது. அந்தப் படைப்பிரிவில் ஒருவன் கேப் ஜோன்ஸ், கறுப்பினச் சிப்பாய். எழுதிய ஸ்டான் லீயும் வரைந்த ஜாக் கிர்பியும் அவனைக் கறுப்பனாகத்தான் படைத்திருந்தார்கள். முதல் இதழ் அச்சாகி வந்தபோது அவன் வெள்ளைக்காரனாக இருந்தான். வண்ணம் பிரிக்கும் கூடத்தில் இருந்தவர்கள், இத்தனை வெள்ளை வீரர்களுக்கு நடுவே கறுப்பன் எப்படி வருவான், குறிப்பு எழுதியவர் கை தவறியிருப்பார் என்று நினைத்து, மற்றவர்களுக்குப் போட்ட தோல்நிறத்தையே அவனுக்கும் போட்டுவிட்டார்கள். லீ பின்னாளில் சொன்ன விளக்கம் இது.

நான் சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் வண்ணப் பிரிப்பு, ரீடச்சிங், பிளேட் என்று வேலை பார்த்தவன். அப்படி ஒரு முகம் எப்படி மாறியிருக்கும் என்பது எனக்குக் கண்ணில் தெரிகிறது. அந்தக் காலத்து அமெரிக்கக் காமிக்ஸ் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானது. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று மை. கோட்டுக்கும் எழுத்துக்கும் கறுப்பு. ஒவ்வொரு வண்ண மையையும் கால்பங்கு, அரைப்பங்கு, முழுசு என்று போடலாம், போடாமலும் விடலாம். ஆக மொத்தம் 64 நிறம். வண்ணக்காரர் பக்கத்தின் நகலில் சாயம் தீட்டி, ஒவ்வொரு இடத்துக்கும் குறியீடு எழுதிக் கொடுப்பார். வெள்ளையர் தோலுக்குக் கால்பங்கு மஞ்சளும் கால்பங்கு சிவப்பும் போதும். ‘ஒய்2 ஆர்2’ என்பது அதன் குறியீடு. யாரும் யோசித்துப் போட வேண்டியதில்லை, கை தானாகப் போகும். கறுப்பர் தோலுக்கு மூன்று மையும் வேண்டும். மூன்று டாட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அந்தக் காகிதத்தில் மை ஊறிப் பரவினால், பழுப்பு சேறாகிவிடும். நீலம் கொஞ்சம் தூக்கினால் முகம் சாம்பல் பூத்துவிடும். பழைய இதழ்களைப் புரட்டினால் சாம்பலும் ஊதாவும் கலந்த முகத்தோடு கறுப்பர்கள் நிற்பதைப் பார்க்கலாம்.

இதை மையின் குற்றம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நல்ல பழுப்பு கொண்டுவர முடியாத மை எதுவும் இல்லை. மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். யாருடைய தோலுக்காக மெனக்கெடுவது என்பதற்கு ஒவ்வொரு அச்சகத்திலும் எழுதி வைக்காத ஒரு விதி இருக்கிறது. எங்கள் ஊரில் காலண்டருக்கு முருகன் படமோ அம்மன் படமோ வந்தால், “முகத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக் கொண்டாங்கண்ணே” என்பார்கள். கறுக்கச் சொன்ன பார்ட்டி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கறுப்பின சூப்பர் ஹீரோக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கதாசிரியரின் மனத்தையும் ஓவியரின் கையையும் ஆராய்கிறார்கள். காகிதத்தை யார் கொடுத்தது, கடைசிப் புரூஃபில் யார் கையெழுத்திட்டது, பாத்திரத்தின் உரிமை யார் பெட்டியில் கிடந்தது என்று பார்த்தால் அந்தச் சரித்திரம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது என் கட்சி.

சூப்பர் ஹீரோக்கள் வருவதற்கு முன்பே காமிக்ஸில் கறுப்பர்கள் இருந்தார்கள், எடுபிடிகளாக. முத்து காமிக்ஸில் மாண்ட்ரேக்கைப் படித்த நம் தலைமுறைக்கு லொதாரைத் தெரியும். 1934-ல் அவன் அறிமுகமானபோது ஆப்பிரிக்க இளவரசன் என்றார்கள். ஆனால் சிறுத்தைத் தோலும் தொப்பியுமாக மந்திரவாதிக்குப் பின்னால் நிற்பதுதான் அவன் வேலை. வில் ஐஸ்னரின் ‘ஸ்பிரிட்’ கதைகளில் எபனி ஒயிட் என்ற சிறுவன், தடித்த உதடும் உருண்டை விழியுமாக. ‘கேப்டன் மார்வெல்’ கதைகளில் ஸ்டீம்போட் என்ற வேலைக்காரன், அதைவிட மோசம். 1945-ல் நியூயார்க் பள்ளி மாணவர்கள் சிலர் ஸ்டீம்போட்டின் படத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பதிப்பாசிரியரைப் பார்க்கப் போனார்கள். கறுப்பினத்தை இப்படித்தான் காட்டுவீர்களா என்று கேட்டார்கள். ஸ்டீம்போட் நிறுத்தப்பட்டான். காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றதும் நடந்துவிட்டது.

தாங்களே அச்சிட்டால் என்ன என்று முதலில் துணிந்தவர் ஆரின் எவன்ஸ். பிலடெல்பியாவில் ‘ரெக்கார்ட்’ என்ற நாளிதழின் நிருபர், கறுப்பர். வெள்ளையர் நடத்திய பெரிய நாளிதழ்களில் கறுப்பினத்தவருக்கு நாற்காலி கிடைப்பதே அரிதாக இருந்த காலம். 1947-ல் அந்த நாளிதழ் மூடப்பட்டது. எவன்ஸ் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. பழைய சகாக்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டு ஜூனில் ‘ஆல்-நீக்ரோ காமிக்ஸ்’ என்ற இதழைக் கொண்டுவந்தார். 48 பக்கம், விலை 15 சென்ட். மற்ற காமிக்ஸ் 10 சென்டுக்குக் கிடைத்தது. எழுதியவர்கள், வரைந்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். துப்பறியும் ஏஸ் ஹார்லெம் ஒரு கதையில். இன்னொன்றில் லயன் மேன்: அமெரிக்காவில் படித்த இளம் விஞ்ஞானி, ஐக்கிய நாடுகள் சபை அனுப்பி கோல்ட் கோஸ்ட்டுக்குப் போய், யுரேனியம் கிடக்கும் மலையைக் காக்கிறவன். வரைந்தவர் எவன்ஸின் தம்பி ஜார்ஜ். லயன் மேனும் இடுப்பில் துணி சுற்றிக் காட்டில்தான் திரிகிறான். அந்தக் காலத்துக் காட்டு நாயகன் கோலத்தை எவன்ஸாலும் முழுக்கக் கழற்ற முடியவில்லை. ஆனால் ஆப்பிரிக்காவின் கனிமத்தை வெளியாரிடமிருந்து காக்கும் படித்த கறுப்பன் என்ற எண்ணம் அங்கே வந்துவிட்டது. பிளாக் பேந்தரின் வகாண்டா நாடும் அதன் வைப்ரேனியக் கனிமமும் பிறக்க இன்னும் 19 ஆண்டு இருந்தது.

இரண்டாவது இதழுக்கான வேலை நடந்தது. அது வெளிவரவே இல்லை. காகித வியாபாரிகள் எவன்ஸுக்குக் காகிதம் விற்க மறுத்துவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். படைப்பாளி இருக்கிறார், படம் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. ரீல் வராமல் மெஷின் நிற்கிறது. அந்தக் கொடுமையை அச்சுத் தொழிலில் இருந்தவன் அறிவான். பெரிய பதிப்பகங்கள் அந்தக் காலத்தில் கறுப்பின வாசகர்களுக்கென்று தங்கள் சொந்த இதழ்களைக் கொண்டுவரத் தொடங்கின. அவற்றுக்குக் காகிதம் கிடைத்தது.

அடுத்த அடி தணிக்கையிலிருந்து வந்தது. 1954-ல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை வாரியம் அமைத்துக்கொண்டார்கள். அதன் முத்திரை அட்டையில் இல்லாவிட்டால் விநியோகஸ்தர் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். ஈசி காமிக்ஸ் என்ற நிறுவனம் 1953-ல் வெளியிட்டிருந்த ‘தீர்ப்பு நாள்’ என்ற விண்வெளிக் கதையை 1956-ல் மறுபடி அச்சிட முயன்றது. ஒரு கிரகத்தில் ஆரஞ்சு நிற இயந்திர மனிதர்கள் நீல நிறத்தவரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பூமியிலிருந்து வந்த ஆய்வாளர் பார்த்துவிட்டு, எங்கள் குடியரசில் சேர உங்களுக்குத் தகுதியில்லை என்று திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்; அவர் கறுப்பர். வாரியத்தின் தலைவர் நீதிபதி சார்ல்ஸ் மர்ஃபி, அந்த மனிதரைக் கறுப்பராக விடக்கூடாது என்றார். கதையே அந்த ஒரு முகம்தான். பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் விஷயத்தை வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டி, ஒரு கோடும் மாற்றாமல் அச்சிட்டார். ஈசி வெளியிட்ட கடைசிக் காமிக்ஸ் இதழ் அதுதான்.

1966-ல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 52-ஆம் இதழில் பிளாக் பேந்தர் வந்தான். கிர்பி முதலில் ‘கோல் டைகர்’ என்று ஒரு பாத்திரத்தை வரைந்து பார்த்திருந்தார், அதிலிருந்து உருவானவன். அட்டைக்கு முதலில் வரைந்த படத்தில் முகமூடி பாதிதான், வாயும் தாடையும் தெரியும், கறுப்பன் என்று கடையில் தொங்கும்போதே தெரியும். அச்சுக்குப் போன அட்டையில் முகமூடி முழு முகத்தையும் மூடிவிட்டது. அட்டைதான் இதழை விற்கும். அந்த இடத்தில் அந்த முகத்தைக் காட்டத் துணியவில்லை என்றே நான் படிக்கிறேன். உள்ளே கதை துணிச்சலானது. நான்கு புகழ்பெற்ற வெள்ளை நாயகர்களையும் தன் நாட்டுக்கு வரவழைத்துத் தனியாளாக மடக்குகிறான் பேந்தராக வரும் அரசன் டிச்சாலா; அவன் காட்டின் மரங்களே இயந்திரங்கள். ஓக்லாண்டில் பிளாக் பேந்தர் கட்சி தொடங்கியது அதற்குச் சில மாதம் கழித்து, அக்டோபரில். பெயர் ஒத்துப்போனதில் மார்வெலுக்குச் சங்கடம். 1972-ல் கொஞ்ச நாள் அவனைப் பிளாக் லெப்பர்ட் என்று மாற்றிக்கூடப் பார்த்தார்கள்.

அதே 1972-ல் லூக் கேஜ் வந்தான். தன் பெயரிலேயே இதழ் பெற்ற முதல் கறுப்பின சூப்பர் ஹீரோ. பொய் வழக்கில் சிறை, சிறையில் மருத்துவப் பரிசோதனை, இரும்புத் தோல். எழுதியவர் ஆர்ச்சி குட்வின், வெள்ளையர். ‘ஷாஃப்ட்’ போன்ற கறுப்பின நாயகர் படங்கள் ஓடிய காலம், அந்தச் சந்தைக்காக வார்த்தவன் என்பது ஒவ்வொரு வசனத்திலும் தெரியும். இருந்தாலும் எனக்குக் கேஜைப் பிடிக்கும். டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு சினிமா கொட்டகைக்கு மேலே அறை எடுத்து, வேலைக்குக் கூலி கேட்கிறான். டாக்டர் டூம் என்ற வில்லன் 200 டாலர் பாக்கி வைத்ததற்காக ராக்கெட் இரவல் வாங்கி, அவன் நாட்டுக்கே போய் வசூலித்து வருகிறான். உலகத்தை இனாமாகக் காப்பாற்ற மற்றவர்களால் முடிந்தது. அவன் வாடகை கட்ட வேண்டியவன். அந்த இதழில் மை வேலையும் பிறகு ஓவியமும் செய்த பில்லி கிரஹாம் கறுப்பர்.

எழுதுகிறவர் மாறினால் பாத்திரத்தின் மானமே போய்விடும் என்பதற்குச் சான்று ஃபால்கன். 1969-ல் ஹார்லெமின் சாம் வில்சனாக, கேப்டன் அமெரிக்காவின் சகாவாக வந்தான், சமூகப் பணியாளன். 1975-ல் ஒரு கதை, அதெல்லாம் வில்லன் புகுத்திய பொய் நினைவு, உண்மையில் இவன் கள்ளக் கும்பலில் இருந்த ‘ஸ்னாப்’ வில்சன் என்று சொல்லிவிட்டது. ஆறு ஆண்டு வாசகர்கள் நேசித்த நல்லவனை ஒரே இதழில் ரவுடியாக்கினார்கள். டிசி நிறுவனத்தில் இதைவிடக் கேடான ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது: கறுப்பரை வெறுக்கும் வெள்ளையன் ஒருவன் நெருக்கடி நேரத்தில் கறுப்பின நாயகனாக மாறுவான், அவன் பெயர் பிளாக் பாம்பர். டோனி இசபெல்லா என்ற எழுத்தாளர் அதைத் தடுத்து, பதிலாகப் பள்ளி ஆசிரியர் ஜெஃபர்சன் பியர்ஸை நாயகனாக்கினார். 1977-ல் வந்த ‘பிளாக் லைட்னிங்’ அது. வரைந்தவர் கயானாவில் பிறந்த ட்ரெவர் வான் ஈடன்.

அந்தப் பத்தாண்டில் நான் தலைவணங்குவது டான் மெக்ரெகருக்கு. வெள்ளையர்தான், மார்வெலில் புரூஃப் பார்த்தவர். ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ என்ற இதழில் 1950-களின் பழைய கதைகளை மறுபடி அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள்: ஆப்பிரிக்கக் காட்டை ஆளும் வெள்ளைக்காரர்கள். பிழை திருத்த வந்தவர், இந்த இதழே பிழை என்றார். அப்படியானால் நீயே எழுது என்று பிளாக் பேந்தரை அவரிடம் கொடுத்தார்கள். 1973 முதல் 1975 வரை ஒரே தொடர்கதை. ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களும் வகாண்டா மக்கள். கில்மாங்கர் என்ற வில்லன் அங்கேதான் பிறந்தான். வகாண்டாவின் வரைபடம், அருவி, மலை, ஊர்ச் சண்டை, காதல் எல்லாம் வந்தன. பில்லி கிரஹாம் இதிலும் வரைந்தார். வெள்ளையர்கள் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டபடியே இருந்தார்கள். அடுத்து மெக்ரெகர் டிச்சாலாவை அமெரிக்காவின் தென்மாநிலத்துக்குக் கொண்டுவந்து கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலோடு மோதவிட்டார். 1976-ல் கதை முடியும் முன்பே இதழ் நிறுத்தப்பட்டது.

எவன்ஸ் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது 1993-ல் வந்த மைல்ஸ்டோன். டுவைன் மெக்டஃபி, டெனிஸ் கவன், மைக்கேல் டேவிஸ், டெரிக் டிங்கிள் என்ற நான்கு கறுப்பினத்தவர் தொடங்கிய நிறுவனம். மெக்டஃபி மார்வெலில் இருந்தபோதே, அங்கே கறுப்பின நாயகர்களில் பலர் ஏன் ஸ்கேட்போர்டில்தான் வருகிறார்கள் என்று அலுவலகக் குறிப்பு எழுதியவர். மைல்ஸ்டோன் போட்ட ஒப்பந்தம்தான் என்னைக் கவர்ந்தது. அச்சும் விநியோகமும் டிசி. பாத்திரங்களின் உரிமையும் ஆசிரியர் பொறுப்பும் மைல்ஸ்டோன். மெக்டஃபி எழுதிய ‘ஹார்ட்வேர்’ கதையின் நாயகன் கர்டிஸ் மெட்காஃப், தன் கண்டுபிடிப்புகளின் லாபத்தில் பங்கு கேட்டு முதலாளியால் அவமதிக்கப்பட்டவன். ‘ஐகான்’ இன்னும் ஆழமானது: 1839-ல் தென்மாநிலத்துப் பருத்திக்காட்டில் விழுந்த வேற்றுக்கிரகவாசி, தன்னைக் கண்டெடுத்த அடிமைப் பெண்ணைப் போலக் கறுப்பின மனித உருவத்தை ஏற்று, தலைமுறைகள் கடந்து வசதியான வழக்கறிஞராக வாழ்கிறார். ராகேல் என்ற ஏழைச் சிறுமி அவரைப் பிடித்து உலுக்கி வெளியே கொண்டுவருகிறாள். இருவரும் கதை முழுக்க வாதாடுகிறார்கள். கறுப்பர் என்றால் இப்படித்தான் நினைப்பார் என்ற ஒற்றை அச்சு உடைந்தது.

வண்ணத்திலும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ‘மைல்ஸ்டோன் 100’ என்று தனி வண்ண முறை வைத்து, நோயல் கிடிங்ஸ் மேற்பார்வையில் ஒவ்வொருவர் தோலுக்கும் ஒவ்வொரு பழுப்பு கொடுத்தார்கள். ஒரே குடும்பத்தில் நான்கு பேர் நின்றால் நான்கு நிறம். என் தொழிலில் இருந்த யாரும் அந்தப் பக்கங்களுக்கு முன்னால் சற்று நின்றுதான் போவார்கள். 1990-களின் நடுவில் காமிக்ஸ் சந்தை சரிந்தது; கறுப்பர்களுக்கான இதழ் என்று கடைக்காரர்கள் ஒதுக்கினார்கள்; 1997-ல் காமிக்ஸ் வெளியீடு நின்றது. அவர்களுடைய ‘ஸ்டாட்டிக்’ 2000 முதல் 2004 வரை தொலைக்காட்சித் தொடராக ஓடியது. மெக்டஃபி 2011-ல் 49 வயதில் காலமானார்.

பிறகு நடந்ததைப் பலரும் அறிவார்கள். கறுப்பின எழுத்தாளர் கிறிஸ்டோபர் ப்ரீஸ்ட் 1998-ல் பேந்தரை எழுதத் தொடங்கி அவனை மறுபடி அரசனாக்கினார். 2016-ல் டா-நஹாசி கோட்ஸ் எழுத வந்தார். 2018-ல் ரையன் கூக்ளரின் ‘பிளாக் பேந்தர்’ படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் வரும் கில்மாங்கரும் சவால் அருவியும் அந்தப் புரூஃப் ரீடர் மெக்ரெகரின் இதழிலிருந்து வந்தவை. பிளாக் பேந்தரின் உரிமை இன்றும் மார்வெலிடமும் அதை வாங்கிய டிஸ்னியிடமும்தான் இருக்கிறது. கொண்டாட்டத்தில் இதை மறந்துவிடக்கூடாது.

தமிழில் காமிக்ஸ் வெளியிடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லொதாரை நமக்கு அறிமுகப்படுத்தியது சிவகாசி. எவன்ஸின் அந்த ஒரே இதழ் காப்புரிமை காலாவதியாகிப் பொதுச்சொத்தாக இருக்கிறது; யாருடைய அனுமதியும் வேண்டாம். அதைத் தமிழில் கொண்டுவாருங்கள். வண்ணம் பிரிக்கும்போது ஏஸ் ஹார்லெமின் முகத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.