அண்ணா சமுதாய வானொலி

சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் வானொலி. 2004 பிப்ரவரி 1 அன்று அப்போதைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி தொடங்கி வைத்தார். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி இதுவே. வானொலி அலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002 இறுதியில்தான் கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க மத்திய அரசு முன்வந்தது.

சமுதாய வானொலிகளுக்கான 100 வாட் வரம்புக்குள் இயங்குவதால் வீச்சு சில கிலோமீட்டர்தான்: அடையாறு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வட்டாரம். இந்தக் குறுகிய எல்லையே இதன் பலம். உடல்நலம், சத்துணவு பற்றிய நிகழ்ச்சிகளைச் சுற்றுவட்டாரப் பெண்களே முன்வந்து தயாரித்தார்கள். இந்த நிலையத்தின் பெரிய சாதனை அது.

 

சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பச் சமுதாய வானொலிகளுக்கு அனுமதி இல்லை. தெருப் பிரச்சினையை அந்தத் தெருக்காரர்களே பேசும் ஊடகத்துக்கு இது நியாயமற்ற தடை. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் நீட்டிக்கப்பட்டபோதும் இத்தடை நீங்கவில்லை.