கம்பைலர், ஸ்கிரிப்ட், அப்புறம் நம்ம கிளைக் கம்ப்யூட்டர்

"கம்பைல் பண்ற மொழியில போய் யாராவது ஸ்கிரிப்ட் எழுதுவாங்களா?" கம்ப்யூட்டர் கோஷ்டியில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. அடியேன் பி.காம். பொட்டி தட்டுற ஆள் கிடையாது. ஆனாலும் இருபது வருஷமா வங்கியில் ஆணி பிடுங்குகிறவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற சரித்திரம் ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்துவோமா?

முதலில் வித்தியாசம். இண்டர்ப்ரெட்டர் என்பது பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்கிற துபாஷி. கம்பைலர் என்பது சர்க்குலர் முழுவதையும் மொழிபெயர்த்து கையில் கொடுத்துவிட்டுப் போகிற ஆள். (நாக்பூர் வந்த புதிதில் எனக்கு இரண்டு பேருமே தேவைப்பட்டார்கள் :-))

1952ல் கிரேஸ் ஹாப்பர் ஏ-0 என்ற ஆரம்பகாலக் கம்பைலரை உருவாக்கினார். 1957ல் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் வந்தது. அன்றைக்கு மெஷின் நேரம் தங்கம் மாதிரி. நாலு கட்டளையை வரிசையாக ஓட்டுகிற சில்லறை வேலைக்கெல்லாம் யார் கம்பைல் பண்ணிக்கொண்டு காத்திருப்பது? 1960களின் ஆரம்பத்தில், எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் சிஸ்டத்தில் லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு வழி கண்டுபிடித்தார். கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் 'ரன்காம்' அவற்றை வரிசையாக ஓட்டிவிடும். இன்றைக்கும் யூனிக்ஸ் செட்டிங்ஸ் ஃபைல் பெயர்களின் கடைசியில் 'ஆர்சி' என்று ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ரன்காமின் மிச்சம்தான். 'ஷெல்' என்ற பெயரும் அவர் வைத்ததே.

1971ல் கென் தாம்ஸன் யூனிக்ஸுக்கு ஒரு ஷெல் எழுதினார். அதில் ஒரு வேடிக்கை. 'இஃப்', 'கோடூ' இரண்டும் ஷெல்லுக்குள்ளேயே இல்லை, தனித்தனி புரோகிராம்கள்! 'கோடூ' வெளியிலிருந்து வந்து, ஸ்கிரிப்ட் ஃபைலில் லேபிளைத் தேடிப்பிடித்து, படிக்கிற இடத்தையே நகர்த்தி வைத்துவிட்டுப் போகும். 1979ல் வந்த போர்ன் ஷெல்லில் 'இஃப்' உள்ளேயே குடியேறியிருந்தது. 1977ல் ஆக், 1987ல் பெர்ல், 1991ல் பைத்தான். பெரிய வேலைக்குக் கம்பைலர், சின்ன வேலைக்கு ஸ்கிரிப்ட் என்று பாகப்பிரிவினை முடிந்துபோனது.

நம்ம ஊர் வங்கிகளில் கதை வேறு மாதிரி. 1984ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கைக்குப் பிறகு மெல்ல மெல்ல கிளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டிபேஸ் புரோகிராம் ஓட டிபேஸே மெஷினில் இருக்க வேண்டும். 1985ல் வந்த கிளிப்பர், அதே மொழியில் எழுதியதை ஒரு இஎக்ஸ்இ ஆக்கிக் கொடுத்தது (உள்ளே இருந்தது பி-கோட்தான், சுத்த மெஷின் கோட் இல்லை). ஃப்ளாப்பியில் போட்டால் எந்தக் கிளையிலும் ஓடும். வட்டிக் கணக்கு, பேலன்ஸிங், ஸ்டேட்மெண்ட் என்று இன்றைக்கு ஸ்கிரிப்ட் செய்கிற வேலையையெல்லாம் அன்றைக்கு இஎக்ஸ்இ செய்தது.

நான் சேர்ந்த முதல் கிளையிலும் அப்படி ஒன்று இருந்தது. காலாண்டு ஸ்டேட்மெண்டின் வடிவம் மாறியது. எழுதிக்கொடுத்த கம்பெனி கடையைக் கட்டியிருந்தது, சோர்ஸ் யாரிடமும் இல்லை. பழைய வடிவத்தில் பிரிண்ட் எடுத்து, அதைப் பார்த்துப் புதிய படிவத்தில் கையால் எழுதினோம். நாலு காலாண்டு!

பாகப்பிரிவினை திரும்ப ஒன்று சேர்ந்தது கம்பைலர்களின் வேகத்தால். ஃபாப்ரிஸ் பெல்லார்டின் குட்டி சி கம்பைலர் 'டிசிசி', சி புரோகிராமை ஸ்கிரிப்ட் போலவே அப்படியே ஓட்டும். 2004ல் அதை வைத்து லினக்ஸ் கெர்னலையே சோர்ஸிலிருந்து பதினைந்து வினாடிக்குள் கம்பைல் பண்ணி பூட் செய்து காட்டினார். 2007ல் கூகுளில், சி++ கம்பைல் முடியக் காத்திருந்த அலுப்பில் மூன்று பேர் 'கோ' மொழியை யோசிக்க ஆரம்பித்தார்கள். 2009ல் வெளியானது. 'கோ ரன்' என்றால் தற்காலிகமாகக் கம்பைல் செய்து உடனே ஓட்டிவிடும். அந்த மூவரில் ஒருவர் யார் தெரியுமா? 1971ல் ஷெல் எழுதிய அதே கென் தாம்ஸன்! 2018ல் ஜாவா 11ம் ஒற்றை சோர்ஸ் ஃபைலை நேராக ஓட்ட ஆரம்பித்தது.

ஆக, தடையாக இருந்தது மொழி இல்லை, காத்திருக்கும் நேரம். அது போய்விட்டது. ஆனால் வங்கிக்காரனின் கவலை போகவில்லை. ஸ்கிரிப்ட் திறந்த லெட்ஜர். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கலாம், ஆனால் அனுமதி உள்ளவன் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வரியை மாற்றவும் மாற்றலாம். இஎக்ஸ்இ சீல் வைத்த கவர். சுலபமாக மாற்ற முடியாது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆடிட்டருக்கும் தெரியாது. அதனால் எந்த மொழியில் எழுதினாலும், ஓடுகிற புரோகிராம், அதன் சோர்ஸ், அந்த சோர்ஸிலிருந்துதான் இது வந்தது என்பதற்குப் பதிவு, மூன்றும் பத்திரமாக இருக்க வேண்டும். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி வைக்கிற நமக்கு இதைத் தனியாகச் சொல்லவா வேண்டும்?

அடுத்த முறை யாராவது ஆட்டோமேஷன் புரோகிராம் கொண்டுவந்தால், எந்த மொழி என்று அப்புறம் கேளுங்கள். சோர்ஸ் யாரிடம் இருக்கும் என்று முதலில் கேளுங்கள்.