மனஸ்தாபம்

வில்லரேயில், ஜாரி மெற்றோவுக்குக் கிட்ட எங்கள் வீடு. மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். போன தவக்காலத்தில் அம்மாவின் பழைய செபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தவள் ‘உத்தம மனஸ்தாபம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

“அப்பா, மனஸ்தாபம் எண்டா கோவிச்சுக்கொண்டு கதைக்காமல் இருக்கிறதெல்லோ? கடவுளோட என்ன கோவம்?”

அவள் கேட்டதில் பிழையில்லை. பேச்சில் மனஸ்தாபம் இரண்டு பேருக்கிடையில் வருவது. கத்தோலிக்கரின் பழந்தமிழிலோ, செய்த பாவத்தை நினைத்து மனம் வேகுவது.

இந்த வேக்காட்டைத் தமிழுக்குக் கற்பிக்க அச்சு யந்திரம் வெகு சீக்கிரமே வந்துவிட்டது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. இரண்டே வருடங்களில், 1580இல், கொச்சியில் ‘கொம்பெசியோனாயரு’. முத்துக்குளித்துறைப் பரவர்களோடு வாழ்ந்த அண்டிறிக்கி அடிகளார், பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று எழுதிய கைநூல் அது. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று, ஒருவன் தன் குற்றத்தைத் தானே தேடிப்பார்க்கச் சொல்லும் நூல் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்குக் குருவானவர் வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திவிட்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் பிச்சைக்கார வேடத்தில் வந்து சில்லாலையில் ஒளிந்திருந்து பணி செய்தார். பின்னர் வந்தவர்களைச் சேர்த்தாலும் முழுத்தீவுக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய குருமார்தான். அவர்கள் வராத நாட்களில் மூப்பரும் அண்ணாவியாரும் செபம் சொல்லிக் கோயிலைக் காத்தார்கள்.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார், தமிழும் சிங்களமும் படித்து இரண்டிலும் எழுதியவர். 1742இல் பொலவத்தையில் இறந்தார். இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக அவர் எழுதியதுதான் ‘வியாகுலப் பிரசங்கம்’. எங்கள் பக்கத்தில் அதை வாசிப்பதில்லை, தவக்காலத்தில் ராகம் இழுத்துப் பாடுவார்கள். செத்தவீட்டு ஒப்பாரி போலவே இருக்கும். ஒப்பாரியில் அழுகிறவள் செத்தவரைப் பற்றி மட்டுமா சொல்லி அழுகிறாள்? ‘நான் உன்னைப் பார்க்காமல் விட்டேனே’ என்று தன்னையும் குற்றவாளியாக்கித்தானே அழுகிறாள். பாவத்தைச் சொல்லக் காது கிடைக்காத காலத்தில் எங்கள் சனம் மனஸ்தாபத்தை இந்த ஒப்பாரிக்குள் வைத்துக் காத்தது என்றுதான் நினைக்கிறேன். தாழ்மையும் கூடவே வந்தது என்று சொல்ல ஆசைதான். சில கோயில்களில் சாதிக்கொரு பக்கமாக இருந்துகொண்டுதான் அதையும் பாடினோம்.

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். மன்னார், முல்லைத்தீவு என்று வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த மாதத்தில் துரத்தப்பட்டார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சோனகத் தெருப் பக்கமிருந்து சனம் நடந்து போனதை ஒழுங்கை முகப்பில் நின்று பார்த்தேன். பயம் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். பயம் உண்மைதான். ஆனால் சில கிழமைகளில் அவர்களுடைய தளபாடங்கள் விலைக்கு வந்தபோது அப்பா ஒரு தேக்கு அலுமாரி வாங்கினார். அதை வண்டிலிலிருந்து இறக்க நான்தான் கைகொடுத்தேன். அதற்குப் பயம் காரணமில்லை, மலிவுதான்.

1991 தவக்காலத்தில் வழமைபோல வியாகுலப் பிரசங்கம் பாடினோம். என் குரலை எல்லாரும் மெச்சினார்கள். யூதாசுக்காகவும் பிலாத்துவுக்காகவும் கண் கலங்கிய கோயிலில், நாலு மாதத்துக்கு முன் காலியான தெருவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

இங்கே கியூபெக்கில் பாவசங்கீர்த்தனத் தொட்டிகள் வெறுமையாகி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கோயில் சாமான்களின் பெயர்களே இங்கே தூஷண வார்த்தைகள். மகளுக்கு அவையெல்லாம் அத்துப்படி. அவளிடம் மனஸ்தாபத்துக்கு அர்த்தம் சொல்ல வெளிக்கிட்டுத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் கையில் வைத்திருந்த செபப் புத்தகத்தை அம்மா அந்த அலுமாரியில்தான் வைத்திருந்தா.

“அது ஆற்ற அலுமாரி?” என்று கேட்டாள்.

பெயர் தெரியாது என்றேன். நாங்கள் ஒருவரும் விசாரிக்கவில்லை.