ஒரு சமூகம் தன் ஏடுகளைக் காத்த வரலாறு

யூதர்களின் வரலாற்றை நமது ஆண்டு மலரில் ஏன் எழுத வேண்டும் என்று வாசகப் பெருமக்களுள் சிலர் வினவக்கூடும். ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் வரலாற்றை யார் எழுதுவது, எதனைச் சான்றாகக் கொண்டு எழுதுவது என்னும் கேள்விக்குக் கடந்த இரு நூற்றாண்டுகளில் அச்சமூகத்தின் அறிஞர்கள் கண்ட விடை, எல்லாச் சமூகங்களுக்கும் படிப்பினையாக அமைந்துள்ளது. அது கருதியே இதனை எழுத முற்பட்டோம்.

ஐரோப்பியப் பல்கலைக்கழக முறைகளைக் கொண்டு யூதர் வரலாற்றை ஆராயும் முயற்சி, 1819ஆம் ஆண்டு பெர்லின் நகரில் லியோபோல்டு சுன்ஸ் முதலிய இளைஞர்கள் அமைத்த ஒரு சங்கத்திலிருந்து தொடங்கியது எனலாம். ஆயினும் அக்காலத்து ஆய்வாளர்களின் கவனம் பெரும்பாலும் பேரறிஞர்களின் நூல்களின் மீதே இருந்தது. கடை வைத்திருந்தவர், தண்ணீர் சுமந்தவர், தையல் தொழில் செய்தவர் ஆகியோரின் வாழ்வு அவற்றில் அரிதாகவே இடம்பெற்றது.

இக்குறையை உணர்ந்தவர் சைமன் துப்னோவ் (1860–1941). ரஷ்யப் பேரரசில் பிறந்த இவர், 1891ஆம் ஆண்டு ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். ஊர்தோறும் உள்ள பழைய ஏடுகளைத் தேடுங்கள், படியெடுங்கள், அழியாமல் காப்பாற்றுங்கள் என்பதே அதன் சாரம். அவர் முதன்மையாகக் குறிப்பிட்டது 'பிங்காஸ்' எனப்படும் ஊர்ப் பதிவேட்டை ஆகும். ஊர் நிர்வாகிகளின் தேர்வு, வரி வசூல், ஏழைகளுக்கான உதவி, அடக்கப் பணிக்குழுவின் விதிகள், பிணக்குகளின் தீர்ப்பு ஆகிய அனைத்தும் அதில் எழுதப்பட்டிருந்தன. நமது ஜமாஅத்தின் தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவு ஏட்டையும் நினைவிற் கொண்டால் பிங்காஸ் என்பது யாதென எளிதில் விளங்கும்.

துப்னோவ் விதைத்த எண்ணம் 1925ஆம் ஆண்டு 'யீவோ' என்னும் ஆய்வு நிறுவனமாக உருப்பெற்றது. அந்நாளில் போலந்து நாட்டிலும் இன்று லித்துவேனியாவிலும் அடங்கிய வில்னா நகரே அதன் தலைமையிடம். அந்நிறுவனம் ஆய்வு மொழியாகக் கொண்டது, பாமர மக்களின் பேச்சுமொழியாகிய இத்திஷ் ஆகும். அது ஜெர்மானிய மொழியின் வழிவந்தது. எழுதப்படுவதோ எபிரேய எழுத்தில். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபின் வாரிசுகளாகிய நமக்கு இது புதுமையன்று.

மாக்ஸ் வைன்ரைக் முதலியோர் வழிநடத்திய அந்நிறுவனத்துக்காகப் பற்பல ஊர்களில் ஊதியமின்றித் தொண்டாற்றிய சேகரிப்பாளர்கள் பழமொழிகளையும் கடிதங்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டி அனுப்பினர். 1932, 1934, 1939 ஆகிய ஆண்டுகளில் இளைஞர்களிடம் தத்தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி அனுப்புமாறு போட்டிகள் நடத்தப்பட்டன. 600க்கும் மேற்பட்ட தன்வரலாறுகள் வந்து சேர்ந்தன.

1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மன் படைகள் வில்னாவைக் கைப்பற்றின. நகரின் யூதர்களுள் மிகப் பெரும்பாலோர் பொனாரி வனத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்னோவும் அவ்வாண்டு டிசம்பரில் ரீகா நகரில் கொல்லப்பட்டார். மக்களை அழித்த அதே நாஜிகள் அவர்களின் நூல்களைத் திரட்டவும் ஆளனுப்பினர் என்பது வியப்பளிக்கும் உண்மை. பிராங்க்பர்ட் நகரில் யூதர்களைப் பற்றி ஆராய அவர்களே ஒரு நிறுவனத்தைத் திறந்திருந்தனர். யூதர்கள் இல்லாத உலகில் யூதர்களின் வரலாற்றைத் தாமே எழுதி முடிப்பது அவர்களின் திட்டம்.

இப்பணிக்கு வில்னா சேரியில் அடைபட்டிருந்த சுமார் 40 யூதர்களே கட்டாயப்படுத்தப்பட்டனர். ஒரு பகுதி நூல்களைப் பிராங்க்பர்ட்டுக்கு அனுப்புவது, எஞ்சியவற்றைக் காகித ஆலைக்கு அனுப்புவது என்பது கட்டளை. கவிஞர் ஆபிரகாம் சுட்ஸ்கேவர், ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கி, நூலகர் ஹெர்மன் குருக், அறிஞர் செலிக் கல்மனோவிச் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். மாலையில் திரும்புகையில் ஆடைக்குள் ஏடுகளை மறைத்துக் கொண்டுவந்து சுவர்களுக்குள்ளும் நிலத்தடிப் பதுங்கறைகளிலும் ஒளித்து வைத்தனர். வாயிற்காவலில் அகப்பட்டால் உயிர் போகும் என்பதை அறிந்தே செய்தனர். குருக்கும் கல்மனோவிச்சும் எஸ்தோனிய முகாம்களில் மாண்டனர். சுட்ஸ்கேவரும் கச்செர்கின்ஸ்கியும் தப்பிப் பிழைத்து, 1944இல் திரும்பி வந்து மறைத்தவற்றைத் தோண்டி எடுத்தனர்.

துயரம் அத்துடன் முடியவில்லை. அவர்கள் அமைத்த அருங்காட்சியகத்தைச் சோவியத் ஆட்சி 1949இல் மூடியது. அப்போது அவ்வேடுகளை அழிவிலிருந்து காத்தவர் அன்டனாஸ் உல்பிஸ் என்னும் நூலகர். அவர் யூதர் அல்லர், லித்துவேனியர். நூற்கிடங்காக மாற்றப்பட்டிருந்த ஒரு தேவாலயத்தில் அவற்றை அவர் மறைத்து வைத்தார். ஜெர்மனிக்குக் கொண்டு செல்லப்பட்டவையோ, போருக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு, 1940இலேயே தலைமையிடத்தை நியூயார்க்குக்கு மாற்றியிருந்த யீவோவிடம் 1947இல் ஒப்படைக்கப்பட்டன.

2017ஆம் ஆண்டு லித்துவேனியாவில் மேலும் சுமார் 1,70,000 பக்கங்கள் அடையாளம் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் வில்னாவின் தண்ணீர் சுமப்போர் ஒரு மார்க்கக் கல்விக்கூடத்துடன் செய்துகொண்ட பழைய ஒப்பந்தமும் உண்டு. மறைநூல்களை வழங்கி, அதற்கு ஈடாக ஓய்வுநாள் வழிபாட்டுக்கு ஓர் அறையை அவர்கள் பெற்றனர். அரசர்களின் வரலாற்றில் இடம்பெறாத அந்த உழைப்பாளிகளின் கண்ணியம் அந்த ஒரு தாளில் வாழ்கிறது. நியூயார்க்கிலும் வில்னாவிலும் பிரிந்து கிடந்த ஏடுகளை ஒருங்கிணைத்து மின்னணு வடிவில் வெளியிடும் பணி 2015இல் தொடங்கி 2022இல் நிறைவுற்றது.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! கொலைகாரர்கள் எழுத எண்ணிய வரலாறு எழுதப்படவில்லை. இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களைப் பற்றி ஆராய்வோர் நாடுவது, ஊர் எழுத்தர்கள் எழுதி வைத்த, உயிரைப் பணயம் வைத்துக் காக்கப்பட்ட ஏடுகளையே. அவ்வெழுத்தர்கள் தாங்கள் வரலாறு எழுதுவதாக எண்ணியிருக்க மாட்டார்கள். அன்றைய கணக்கை ஒழுங்காக எழுதினார்கள், அவ்வளவே. நம் பள்ளிவாசல் அலமாரியில் உள்ள பழைய நிக்காஹ் பதிவேடுகளுக்கும் தீர்மானப் புத்தகங்களுக்கும் நமக்கு எவ்வித ஆபத்தும் இல்லை. கரையானும் ஈரமும் நமது கவனமின்மையுமே ஆபத்து. அவற்றைப் பேணுவது நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கடமை என்பதை நினைவிற் கொள்வோமாக!